கால்நடை லொறிகள்: உயர்ந்த செலவும் உயராத கூலியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்று, சீனக்குடா, ஆண்டான்குளம் ஆகிய பகுதிகளில் லொறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. பிறிமா ஆலையின் கோதுமை மாவும் தவிடும், டோக்கியோ சீமெந்தும் இக்குடும்பங்களுக்கு ஒரு வகை வருமானம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், சேருவில மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளை ஏற்றிச்செல்வது இன்னொரு வகை. முன்னையதற்குக் கம்பனி உண்டு, ஒப்பந்தம் உண்டு, பற்றுச்சீட்டு உண்டு. பின்னையதற்கு வாய்ப்பேச்சுத்தான் உண்டு. நாட்டின் பொருளாதாரம் குப்புற விழுந்த 2022 ஆம் ஆண்டில் இந்த வாய்ப்பேச்சு எவ்வளவு பலவீனமானது என்பது வெளிப்பட்டது. அந்தப் பலவீனம் அதன் பின்னரும் திருத்தப்படவில்லை.

மாட்டு லொறி என்றதும் நம்மவர் நினைவில் வருவது ஒரே வகைச் செய்திதான். அனுமதியின்றி, அல்லது அனுமதித்த தொகைக்கு மேலாக, மாடுகளை நெருக்கி ஏற்றிவந்த லொறி வீதிச் சோதனையில் சிக்கியது, சாரதி கைதானார், மாடுகள் மீட்கப்பட்டன. இச்செய்திகளைப் பிரசுரிக்கும் நாமும் சரி, வாசிப்போரும் சரி, சாரதியின் ஈவிரக்கமின்மையோடு விடயத்தை முடித்துக்கொள்கிறோம். ஏழு மாடுகளுக்குரிய தட்டில் பன்னிரண்டு மாடுகள் ஏன் ஏறின என்று எவரும் கேட்பதில்லை. அதற்கான விடை பெரும்பாலும் டீசல் கணக்கில் இருக்கிறது.

அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2021 ஜூன் மாதத்திலிருந்து டிசம்பர் வரை ஒரு லீற்றர் ஓட்டோ டீசலின் விலை 111 ரூபா. டிசம்பரில் அது 121 ஆயிற்று. 2022 மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதத்தில் 400, ஜூன் இறுதியில் 460 என்று ஆறே மாதத்தில் ஏறியது. பிறகு படிப்படியாக இறங்கி 2024 ஒக்டோபரில் 283 ரூபாவுக்கு வந்தது. இறங்கிவிட்டது என்று ஆறுதலடைந்தோர் அது எந்த உயரத்திலிருந்து இறங்கியது என்பதைத்தான் பார்த்தனர். 111 உடன் ஒப்பிட்டால் 283 என்பதும் இரண்டரை மடங்கு.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். போய்வர 520. மாடேற்றும் நடுத்தர லொறியொன்று லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் ஒரு பயணத்துக்கு 104 லீற்றர் டீசல் வேண்டும். 2021 நடுப்பகுதி விலையில் அது 11,544 ரூபா. 2024 ஒக்டோபர் விலையில் 29,432 ரூபா. 2022 ஜூன் இறுதி விலையிலோ 47,840 ரூபா. இனி அந்த லொறியின் தட்டு 14 சதுர மீற்றர் என்று கொள்வோம். ஒரு மாட்டுக்கு 2 சதுர மீற்றர் வேண்டும் என்ற இந்திய விதியை அளவுகோலாக எடுத்தால் 7 மாடுகளை ஏற்றலாம். ஒரு மாட்டின் தலையில் விழும் டீசல் செலவு 2021 இல் 1,649 ரூபாவாக இருந்தது. 2024 இல் 4,205 ரூபா ஆகிவிட்டது. கூலியை உயர்த்தாமல், தலைக்கு விழும் டீசல் செலவைப் பழைய 1,649 ரூபாவிலேயே நிறுத்திவைக்க வேண்டுமென்று ஒருவர் விரும்பினால், அதே தட்டில் 18 மாடுகளை நிறுத்த வேண்டும்.

பதினெட்டு மாடுகள் அத்தட்டில் ஏறா. ஆனால் ஏழுக்கும் பதினெட்டுக்கும் இடையே எங்கோ ஓர் எண்ணில் பேரம் முடிகிறது. அந்த எண்தான் மறுநாள் சோதனைச்சாவடியில் குற்றமாகிறது. கூலியைத் தலைக்கணக்கில் பேசினால் லொறிக்காரருக்கே கூடுதலாக ஏற்றும் ஆசை பிறக்கும். பயணக்கணக்கில் பேசினால் அந்த ஆசை வியாபாரிக்குப் பிறக்கும். எப்படிப் பேசினாலும் குறைந்த கூலியின் மீதியை மாடு தன் உடம்பால் கட்டிக்கொடுக்கிறது.

இது டீசல் மட்டும் தின்னும் கணக்கு. லொறியின் வயிறு அதைவிடப் பெரிது. ரூபாவின் பெறுமதி 2022 இல் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவுக்குச் சரிந்தபோது டயர், பற்றரி, எண்ணெய், உதிரிப்பாகம் அனைத்தும் கூடவே ஏறின. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய லொறிகளைத் தட்டிக்கொட்டியே ஓட்ட வேண்டியிருந்தது. அவற்றின் விலையோ வானத்தில் நின்றது. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதன் சூட்டை லீசிங் கட்டுவோர் நன்கறிவர். 15 சதவீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த டீசலும் அன்று அவ்வரிக்குள் வந்தது.

எல்லா லொறிகளுக்கும் இந்தச் சுமை பொதுதானே என்று கேட்கலாம். பொதுதான். ஆயினும் மாட்டு லொறிக்கு மட்டும் உரிய மூன்று சங்கடங்கள் உள்ளன. முதலாவது, வெறுமையாகத் திரும்புதல். சீமெந்து கொண்டுபோகும் லொறி திரும்பும்போது வேறு சரக்கு தேடலாம். சாணமும் சிறுநீரும் ஊறிய தட்டில் அரிசியோ மாவோ ஏற்ற எந்த வியாபாரி சம்மதிப்பார்? கழுவித் துடைத்து, காய்ந்த பின் தேடினால் ஒருநாள் போய்விடும். இந்தியாவில் 2015 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், கால்நடைக்கென அமைத்த வாகனத்தில் வேறு பொருள் ஏற்றுவதையே தடைசெய்கின்றன. நோக்கம் நல்லது. ஆனால் வெறும் லொறி திரும்பிவரும் செலவை யார் தருவது என்று அவ்விதிகள் சொல்வதில்லை.

இரண்டாவது சங்கடம் காலம். மாட்டின் உரிமைச் சீட்டு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாடு, அரச கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்று, போக்குவரத்து அனுமதி என்று காகிதங்கள் பல கையொப்பங்களைக் கடக்க வேண்டும். திருடிய மாட்டையும் நோயுற்ற மாட்டையும் தடுக்க இக்காகிதங்கள் அவசியமே. அவை இல்லாவிட்டால் முதலில் அழுபவர் கிண்ணியாவின் பட்டிக்காரராகவே இருப்பார். ஆனால் ஓர் உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போன நாளில் லொறி நின்றால் அந்த நாட்கூலி எவர் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

மூன்றாவது, திடீர்த் தடைகள். மண்டூஸ் புயலையொட்டி 2022 டிசம்பரில் வீசிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் விறைத்து மடிந்தன. இறைச்சிப் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தோல் கழலை நோய், பன்றிக் காய்ச்சல் ஆகியன பரவிய காலங்களிலும் 1992 ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் நடமாட்டக் கட்டுப்பாடுகள் வந்தன. நோயைத் தடுக்க வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தடை வந்த மாதத்தில் லீசிங் தவணை நிற்பதில்லை. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியதும், 2021 ஒக்டோபரில் அதற்கான சட்டத்திருத்தங்களுக்கு அங்கீகாரம் கிடைத்ததும் இத்தொழிலின் தலைக்கு மேல் தொங்கிய வாள் எனலாம். அந்த யோசனை சட்டமாகவில்லை. எனினும் நாளை இருக்குமோ இராதோ என்ற தொழிலில் எவர் முதலிடுவார்? காற்றோட்டமும் தடுப்புகளும் கொண்ட ஒழுங்கான கால்நடை லொறிகள் நமது வீதிகளில் அருமையாகவே தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் யாரைப் பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்த உச்சத் தண்டம் 100 ரூபா. நூற்றாண்டு கடந்தும் பேசப்படும் வேடிக்கை அது. மாறாக 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி மாடேற்றிய வாகனத்தையே அரசுடைமையாக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. குற்றத்தைத் தடுக்கத் தாம் போதிய முற்காவல் எடுத்ததாக லொறிச் சொந்தக்காரர்தாம் நிரூபிக்க வேண்டும். ஒரு பக்கம் நூறு ரூபா, மறுபக்கம் வாழ்நாள் உழைப்பு. இவ்விரண்டிற்கும் நடுவே, அந்தக் கூலியை நிர்ணயித்து, அத்தனை மாடுகளையும் ஏற்றச் சொன்னவரின் பெயர் வழக்கேட்டில் வருவது அரிது. திருகோணமலை நகரில் சுற்றித்திரியும் மான்கள் பொலித்தீன் தின்பது குறித்து நாம் காட்டும் கவலையில் ஒரு பங்கையேனும் இங்கு செலவிடலாம்.

பஸ் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். டீசல், டயர், சம்பளம் முதலான செலவுகளைக் கூட்டிக்கழித்து ஆண்டுதோறும் பஸ் கட்டணத்தைத் திருத்த ஒரு சூத்திரம் உண்டு. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அதைக் கையாளுகிறது. 2021 முடிவில் 14 ரூபாவாயிருந்த குறைந்தபட்சக் கட்டணம் 2022 ஜூலை முதலாந் திகதி 40 ரூபாவாயிற்று. டீசல் சற்று இறங்கியதும் ஓகஸ்டில் 34 ஆகக் குறைந்தது. பயணிகள் முணுமுணுத்தனர். ஆனாலும் கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தது. சரக்கு லொறிக்கு அத்தகைய கணக்கேதும் இல்லை. துறைமுகச் சரக்குக்குக் கம்பனியோடு பேச ஆளுண்டு. மாட்டு லொறிக்காரர் தனியாள். அவர் மறுத்தால் அடுத்த ஊரில் இன்னொருவர் அதே கூலிக்குச் சம்மதிப்பார், லீசிங் தவணை அவரையும் துரத்துவதால்.

ஆகவே அரசாங்கமே குறைந்தபட்சக் கூலியை விதித்துவிட்டால் என்ன? பிரேசில் அதைச் செய்து பார்த்தது. 2018 மே மாதத்தில் டீசல் விலையேற்றத்தை எதிர்த்து லொறிச் சாரதிகள் பத்து நாட்களுக்கு மேல் அந்நாட்டை முடக்கியபின், சரக்குக் கூலிக்கு அடிமட்டம் வகுக்கும் சட்டம் அவ்வாண்டே இயற்றப்பட்டது. சரக்கு முதலாளிகள் அதை எதிர்த்து உயர்மட்ட நீதிமன்றம் வரை போயினர். எழுத்தில் விதித்த கூலியைக் கையில் குறைத்துக் கொடுப்பது எங்கும் கைவந்த கலை. பற்றுச்சீட்டே இல்லாத நமது மாட்டு வியாபாரத்தில் அத்தகைய விதி ஒரு மாதம் கூடத் தாங்காது என்பதே எமது அபிப்பிராயம்.

ஆனால் விதிக்காமலேயே வெளிப்படுத்த முடியும். மாத முடிவில் எரிபொருள் விலை திருத்தப்படும்போது, சட்டப்படி ஏற்றத்தக்க மாடுகளின் தொகைக்கு ஒரு கிலோமீற்றர் ஓட என்ன செலவாகும் என்ற கணக்கைக் கிழக்கு மாகாணக் கால்நடைத் திணைக்களம் அறிவிக்கலாம். கால்நடை வளர்ப்பு மாகாணத்துக்குரிய விடயம். 2017 செப்டெம்பரில் மாகாண சபையின் ஆயுள் முடிந்து, அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்ததால் இத்தகைய சிறு கருமங்களைக் கேட்க ஓர் உறுப்பினர் தானும் இல்லாது போயிற்று. போக்குவரத்து அனுமதிப் பத்திரத்தில் மாடுகளின் தொகையோடு, அனுப்பும் வியாபாரியின் பெயரும் பேசிய கூலியும் பதியப்பட வேண்டும். செலவுக்கும் கீழான கூலி அதில் தெரிந்தால் மிகையேற்றத்தின் பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு என்று வழக்குரைக்க இடமேற்படும். வியாபாரிகள் இதை விரும்பமாட்டார்கள். விரும்பாததனால்தான் இதுவரை அது நடக்கவில்லை என்றும் சொல்லலாம்.

கூலி உயர்ந்தால் இறைச்சி விலை உயரும், அது ஏழை நுகர்வோரைத் தாக்கும் என்பது உடனே எழும் ஆட்சேபம். அது முற்றிலும் பொய்யன்று. ஆனால் இன்று அந்த மலிவை யார் சுமக்கிறார்கள்? மாடுகள் நமது ஊர்களில் தராசில் நிறுத்து விற்கப்படுவதில்லை. கண்மதிப்பில் விலை பேசப்படுகின்றன. நீரும் தீவனமுமின்றி இரவு முழுவதும் நின்றுவரும் மாடு எடை குறைந்தே இறங்கும். அந்த நட்டத்தையும் டீசல் ஏற்றத்தையும் வியாபாரி முன்கூட்டியே கணக்கிட்டு, பட்டியடியிலேயே விலையைக் குறைத்துவிடுகிறார். வேளாண்மைக் காலத்தில் மாடுகளை நிறுத்த மேய்ச்சல் தரையின்றித் தவிக்கும் பட்டிக்காரர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பர் முதல் சித்தாண்டியில் நடத்திய நீண்ட போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த அவசர விற்பனை புதிதல்ல. எனவே நகரத்து இறைச்சிக்கடையின் மலிவில் ஒரு பகுதி கிழக்கின் பட்டிக்காரரிடமிருந்தும், இன்னொரு பகுதி லொறிக்காரரின் தேய்ந்த டயரிலிருந்தும் வருகிறது.

உயிரோடு 260 கிலோமீற்றர் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. சுகாதார வசதியுள்ள கொல்களமும் குளிரூட்டிய வாகனமும் திருகோணமலை மாவட்டத்திலேயே கிடைத்தால், ஏழு மாடுகளின் இடத்தில் அதற்கும் கூடுதலான இறைச்சி போகும். தோலும் எலும்பும் இங்கேயே தொழிலாகும். ஆனால் மாடறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அரசியல்வாதிகள் பின்வாங்கும் நாட்டில் எந்த உள்ளூராட்சி மன்றம் அதற்கு அடிக்கல் நாட்ட முன்வரும் என்பது ஐயமே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் மாட்டுக்குக் கிராக்கி ஏறுவதையும், குர்பானுக்கு உயிருள்ள மாடே வேண்டும் என்பதையும் பார்த்தால், லொறியின் தேவை முற்றாக ஒழியப்போவதுமில்லை.

கொல்களத்துக்குப் பணமும் துணிவும் வேண்டும். அனுமதிப் பத்திரத்தில் இரண்டு நிரல்களைச் சேர்க்க அச்சுக்கூலி மட்டுமே போதும். அடுத்த பெருநாள் வியாபாரம் தொடங்குமுன் மாகாணக் கால்நடைத் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் லொறிச் சொந்தக்காரர்களையும் வியாபாரிகளையும் பட்டிக்காரர்களையும் ஒரே மேசைக்கு அழைத்து, தட்டில் எத்தனை மாடு, அதற்கு எவ்வளவு கூலி என்ற இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதிக்கொள்ளட்டும்.