கவிழக் கற்கும் கல்வி

நீந்தத் தெரிந்தவனுக்கு நீரிலே பயமில்லை என்பது நம்மிற் பலருடைய எண்ணம். வள்ளம் ஓட்டுகிறவனுக்கோ, அது கவிழாமற் பார்த்துக்கொள்வதே முதற் பாடம் என்று நினைக்கிறோம். ஆனால், ஓட்டக் கற்பதோடு கவிழவும் கற்கவேண்டும் என்று விதிக்கின்ற ஓர் ஓடக்கலையும் உலகத்தில் உண்டு. இவ்வாரம் நாம் வாசகர்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

இங்கிலாந்திலே மார்கழி, தை மாதங்களில் மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். ஆறுகளும் ஏரிகளும் கைவைக்க முடியாதபடி குளிர்ந்து கிடக்கும். அந்நாட்களில், ஊர்ப் பொது நீச்சல் தடாகத்தில் நீந்துவோர் வீடு திரும்பிய பின்னர், வேறொரு கூட்டம் அங்கே வந்து சேருகின்றது. வருகிறவர்களுடைய தோள்களிலே நீண்டு ஒடுங்கிய வள்ளங்கள் இருக்கின்றன. கூரைக்குக் கீழே, வெந்நீரூட்டிய தடாகத்திலே வள்ளமா என்று நாம் வியக்கின்றோம். அதனிலும் வியப்பு, அவ்வள்ளங்கள் எங்கும் செல்வதில்லை என்பது. ஏறி அமர்ந்தவர் ஒரு பக்கமாகச் சாய்கிறார், வள்ளம் தலைகீழாகின்றது, அவருடைய தலை நீருக்கடியிலும் வள்ளத்தின் அடிப்பாகம் நீருக்கு மேலுமாகச் சில கணங்கள் கழிகின்றன. பின்பு, வள்ளத்தை விட்டு வெளியேறாமலே, துடுப்பின் ஒரு வீச்சினால் அவர் மறுபடியும் நிமிர்ந்து அமர்கிறார். சிலர் நிமிர்கின்றனர் என்பதே சரி. பலர் இருமிக்கொண்டு வெளியே நீந்தி வருகின்றனர். அடுத்த நிமிடமே திரும்ப ஏறுகின்றனர். இவ்வாறு மாரிகாலம் முழுவதும், வாரத்துக்கு ஓரிரவு பயிற்சி நடைபெறுகின்றது.

இந்த வள்ளத்தின் பெயர் கயாக். அதன் மேற்புறம் மூடப்பட்டிருக்கும். நடுவிலே ஒருவர் அமரும் அளவுக்கு மாத்திரம் வட்டமான வாய் உண்டு. அமர்ந்தவர் இடுப்பில் அணிந்த பாவாடை போன்ற காப்பினால் அவ்வாயை மூடிக்கொள்வார். ஆகவே வள்ளம் கவிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது. ஆளும் வள்ளமும் ஓருடம்பு எனலாம். கவிழ்ந்த உடம்பு தானே நிமிரவேண்டும். அதுவே இக்கலையின் சாரம்.

இதனைக் கண்டவர் பொழுதுபோக்குக்காரர் அல்லர். பசியும் குளிருமே இதற்கு ஆசிரியர்கள். கிறீன்லாந்தின் இனுயிட் மக்கள், கடலில் மிதந்து வந்த மரத்தாற் சட்டம் கட்டி, கடல்நாயின் தோலைப் போர்த்து, தத்தம் உடலின் அளவுக்கே இவ்வள்ளத்தைச் செய்தனர். பனிக்கட்டி மிதக்கும் கடலிலே கடல்நாய் வேட்டையாடுதல் அவர்களுடைய சீவனோபாயம். எறியீட்டிபட்ட பிராணி கயிற்றோடு இழுத்தால் வள்ளம் புரளும். பக்கத்து அலை அடித்தாலும் புரளும். அந்த நீரிலே நீச்சல் என்ன செய்யும்? வேடன் அணியும் தோற் சட்டையின் விளிம்பு வள்ளத்தின் வாயோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அதனை அவிழ்த்து வெளியேறினால் குளிர் கொல்லும். அவிழ்க்காமல் தலைகீழாய் இருந்தால் மூச்சு முட்டிக் கொல்லும். மூன்றாவது வழியொன்றைக் கண்டுபிடித்தேயாகவேண்டிய நிலைமை. அவ்வழியே புரண்டெழுதல். ஆயினும் வேடர் எல்லோரும் அதில் வல்லவராயிருந்தாரல்லர். கடலுக்குப் போன தந்தையை இழந்த குடும்பங்கள் அந்நாட்டிலே மிகப் பல.

மொறேவியச் சபையைச் சேர்ந்த டேவிட் கிரான்ஸ் என்பவர் 1765இல் வெளியிட்ட கிறீன்லாந்துச் சரித்திர நூலிலே, வேடர்கள் பயின்ற இத்தகைய வித்தைகளைப் பத்தாக வகுத்துச் சொல்லியிருக்கிறார். முழுத் துடுப்போடு எழுவது, துடுப்பு கைநழுவினாற் கையினாலேயே எழுவது என்று பல வகை. ஒவ்வொரு வித்தைக்கும் பின்னே ஒரு விபத்து மறைந்து நிற்கின்றது. துடுப்பு கயிற்றிற் சிக்கினால் என்ன செய்வது, ஒரு கை பயன்படாவிட்டால் என்ன செய்வது என்று, நேரக்கூடியவற்றை எண்ணி எண்ணி அமைத்த பாடத்திட்டம் அது.

மாரிப் பயிற்சியும் அவர்களுக்குப் புதியதன்று. கடல் உறைந்திருக்கும் மாதங்களில் வள்ளத்துக்கு வேலையில்லை. அப்போது இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டி, அவற்றிற் கைகால்களைக் கோத்துச் சுழன்று, கடலில் வேண்டிய வலிமையையும் சமநிலையையும் காத்து வந்தனர். இன்றும் கிறீன்லாந்திலே நடைபெறும் கயாக் போட்டிகளில், ஓட்டத்தோடும் புரண்டெழுதலோடும் இக்கயிற்றுப் பயிற்சியும் ஓர் அங்கமாக விளங்குகின்றது.

ஐரோப்பியர் இதனைக் கற்றது எவ்வாறு? ஒஸ்திரியா தேசத்தவரான எடி ஹான்ஸ் பவ்லாட்டா, துருவப் பிரயாணிகள் எழுதிய நூல்களில் இவ்வித்தையைப் பற்றிப் படித்தார். காட்டிக்கொடுக்க ஆசிரியர் எவருமில்லை. 1927ஆம் ஆண்டு, தம் நாட்டு ஏரியொன்றிலே தாமாகவே முயன்று புரண்டெழுந்தார். துடுப்பின் ஒரு நுனியைப் பற்றி நீளமாக வீசி எழும் அந்த முறைக்கு இன்றும் அவருடைய பெயரே வழங்குகின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இவருக்கு உதவிற்று. காரணம், அவர் ஏட்டோடு நின்றுவிடாமல் நீரிலே இறங்கினார் என்பதே.

நிற்க, தடாகத்துக்குத் திரும்புவோம். அங்கே நடைபெறும் பாடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. உள்ளே வருமுன்பே வள்ளங்களை நன்றாகக் கழுவவேண்டும். ஆற்று மணலும் இலைதழைகளும் தடாகத்து வடிகட்டியைப் பழுதாக்கிவிடும். ஒரே வேளையில் இறங்கும் வள்ளங்கள் சிலவே. ஒருவர் வள்ளத்திலிருக்க, மற்றொருவர் அருகே இடுப்பளவு நீரிலே நிற்பார். பின்பு முறை மாறும்.

முதற் பாடம் எழுவதன்று, வெளியேறுவது. கவிழ்ந்தவுடன் பதறாமல், காப்பின் முன்புறத்திலுள்ள வாரைத் தடவிக் கண்டு இழுத்து, வாயின் விளிம்பிற் கைகளை ஊன்றி, காற்சட்டையைக் கழற்றுவதுபோல் வள்ளத்திலிருந்து உடம்பை விலக்கிக்கொள்ளவேண்டும். சொல்லும்போது இலகுவாயிருக்கிறது. தலைகீழாக, மூக்கினுள் நீர் புக, மேலெது கீழெது என்று தெரியாதபோது, அந்த வாரைத் தேடும் இரண்டு விநாடி மிக நீண்ட காலமாகத் தோன்றும். ஆகவே பயிற்றுவோர், கவிழ்ந்தபின் வள்ளத்தின் அடியில் மூன்று முறை கையாலே தட்டிய பிறகே வெளியேறும்படி சொல்கின்றனர். அந்த மூன்று தட்டுகளில் மாணாக்கன் பெறுவது நிதானம்.

இரண்டாவது பாடம் இடுப்புக்கு. தடாகத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, வள்ளத்தைப் பக்கமாகச் சாய்த்து, இடுப்பின் சொடுக்கினாலும் முழங்காலின் அழுத்தத்தினாலும் அதனை நிமிர்த்தப் பழகவேண்டும். கைவலிமை இங்கே வேண்டியதில்லை. பலசாலியான வாலிபன் தன் தோள்வலியை நம்பித் தோற்க, மெலிந்த சிறுமி மெதுவாக எழுந்து வருவதைக் காணலாம்.

மூன்றாவது பாடம் துணைக்கு. கவிழ்ந்தவர் வள்ளத்தின் அடியைத் தட்டிவிட்டு, கைகளை இருபுறமும் நீருக்கு மேலே நீட்டி முன்னும் பின்னும் அசைப்பார். அருகிலிருப்பவர் தம் வள்ளத்தின் முனையை அக்கைகளுக்கு எட்டும்படி கொண்டுவருவார். அதனைப் பற்றிக்கொண்டு எழலாம். மூச்சடக்கித் தலைகீழாய்த் தொங்குகிறவர், தோழர் வருவார் என்று நம்பிக் காத்திருக்கவேண்டும். இந்த நம்பிக்கையையும் பயிற்சியாலேயே பெறவேண்டியிருக்கிறது.

இவற்றின் பின்னரே துடுப்பு. முன்னே குனிந்து, துடுப்பை வள்ளத்தின் பக்கத்தோடு வைத்து, அதன் அலகை நீரின் மேற்பரப்பிலே வில்போல் வெளிப்புறமாக வீசவேண்டும். அதே கணத்தில் இடுப்பு வள்ளத்தைத் திருப்பவேண்டும். இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் பிழை நிகழ்கின்றது. மூச்சுக்குத் தவிப்பவன் தலையையே முதலில் வெளியே தூக்குகிறான். நீருக்குள்ளிருக்கும்வரை தலையின் பாரத்தை நீர் தாங்கும்; வெளியே வந்துவிட்டாலோ நான்கைந்து கிலோ பாரம் முழுவதும் வள்ளத்தை மறுபடி கவிழ்க்கும். ஆகவே முதலில் வள்ளம், பின்பு உடம்பு, கடைசியாகத் தலை. உயிருக்குப் பயந்த உடம்பு விரும்புவதற்கு இது நேர்மாறு. காற்றை விரும்புகிறவன் காற்றைக் கடைசியாகப் பெற இணங்கவேண்டும். இதனைச் சொற்களாற் கற்பிக்க முடியாது. நூறு தடவை கவிழ்ந்து உடம்பே கற்கவேண்டும்.

திறந்த வள்ளமான கனூவையும் இவ்வாறு எழுப்பக் கற்போர் உண்டு. அதனுள் நீர் நிறைந்துவிடுமாதலால், காற்றடைத்த பைகளை முன்னும் பின்னும் கட்டி, தொடைகளை வாரினாற் பிணைத்துக்கொண்டு முயல்வர்.

சூடான நீரிலே ஏன் பழகவேண்டும் என்பது இப்பொழுது தெளிவாகும். தடாகத்தின் நீர் 27 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மாரியில் பிரித்தானியாவின் கடல்நீரோ ஏறத்தாழ 5 முதல் 10 பாகை. அத்தகைய நீரிலே திடீரென விழுந்தவனுக்கு, மனம் வேண்டாமென்றாலும் மூச்சு தானே இழுக்கப்படும். உறைநிலையை அண்டிய நீரைப் பற்றி அறிஞர்கள் ஓர் எளிய கணக்குச் சொல்கின்றனர்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொற்படி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணிநேரம். அந்த முதல் நிமிடத்திலே எவரும் புதிதாக ஒன்றைக் கற்கமுடியாது. முன்பே கற்றதைச் செய்யலாம், அவ்வளவே. அதனாற்றான் குளிரையும் அலையையும் நீக்கிவிட்டு, கவிழ்தலை மாத்திரம் தனியே எடுத்து முதலிற் பழகுகின்றனர். தடாகத்தில் எழுந்தவன் கடலிலும் எழுவான் என்பது உறுதியன்று. பலர் முதன்முறை வெளிநீரிலே தவறிவிடுகின்றனர். ஆகையால் வேனில் வந்ததும் அமைதியான ஏரி, பின்பு ஆறு, அதன்பின் கடல் என்று படிப்படியாகச் செல்கின்றனர்.

இத்தடாகப் பயிற்சியிலிருந்து ஒரு விளையாட்டும் பிறந்தது. வள்ளங்களிலிருந்தபடியே பந்தெறிந்து ஆடும் கனூ போலோவுக்கு 1994இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது.

இனி, ஒரு துயரச் செய்தி. ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கில வாலிபர், 1930–31இல் கிறீன்லாந்துக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கினார். கயாக்கில் வேட்டையாடவும் புரண்டெழவும் அந்நாட்டவரிடமே கற்றுத் தேறினார். 1932இல் மூன்று தோழர்களோடு மறுபடியும் அங்கே சென்றார். ஆகஸ்ட் 20ஆந் தேதி, கடல்நாய் வேட்டைக்காகத் தனியே வள்ளமேறிப் போனார். தேடிச் சென்ற தோழர்கள் ஆளில்லாத வள்ளத்தையும், பனிக்கட்டி ஒன்றின்மீது கிடந்த அவருடைய காற்சட்டையையுமே கண்டனர். உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 25.

வித்தை தெரியாமல் இறந்தவரல்லர் அவர். வித்தையைச் சிறந்த ஆசிரியரிடம் கற்றவர். ஆனால் அன்று அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் மற்றொரு வள்ளத்தின் முனை இருக்கவில்லை. தடாகத்துப் பாடவரிசையிலே, தானே எழுவதற்கு முன்பு தோழனைப் பற்றி எழுவதை வைத்த அறிவின் அருமை இங்கே விளங்குகின்றது.

நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் வளர்கின்றனர். மாரி இரவில் தடாகத்துக்குப் போய்த் தலைகீழாக விழுந்து எழுந்து வந்தோம் என்று அவர்களுள் ஒருவர் கடிதமெழுதினால், இது என்ன வீண் விளையாட்டு என்று பெரியோர் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. தனியே போகாதே என்று ஒரு வரி பதிலில் எழுதினாற் போதும். மாணவச் செல்வங்களுக்கும் நாம் சொல்வது அதுவே. பயப்படத்தக்க ஒன்றை, பயமில்லாத இடத்திலே, பயமில்லாத காலத்திலே, ஒரு துணையை அருகில் வைத்துக்கொண்டு பழகிவிடுங்கள். பின்பு வேண்டிய நேரத்தில் தலை தானே கடைசியாக வரும்.