ஏரி புரளும் காலம்

கோடையின் முதல் பெருமழை பெய்கிறது. மறுநாள் காலை ஏரிக்கரையில் மீன்கள் வெள்ளை வெளேரென்று செத்து மிதக்கின்றன. உடனே ஊரார் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள்: மழையால் மீன் செத்தது! மழைமீது பழி போடுவது எளிது. அது வாய் திறந்து மறுக்கப் போவதில்லை. ஆனால், மழைதானா குற்றவாளி? மாணவராகிய நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டாமா?

மேனாட்டு ஏரிகளில் இலையுதிர் காலத்தில் ஒரு விந்தை நிகழ்கிறது. தண்ணீர் 4 டிகிரி வெப்பத்தில்தான் மிகவும் கனமாக இருக்கும். கோடையில் சூடான, இலேசான நீர் மேலே நிற்கும், குளிர்ந்த நீர் அடியில் கிடக்கும், இரண்டும் கலப்பதில்லை. குளிர் தொடங்கியதும் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. காற்றும் துணைசெய்ய, ஏரி முழுவதும் புரண்டு கலக்கிறது. சில நாட்கள் நீர் கலங்கும். சேற்று நாற்றம் வீசும். மீன்கள் வழக்கமான இடத்தை விட்டு எல்லா ஆழத்திலும் சிதறுவதால் தூண்டிலும் வலையும் ஏமாறும். ஆயினும் அது நோய் அன்று. அடிநீருக்குப் பிராணவாயு கிடைக்கிறது. அடியில் தங்கிய சத்து மேலே வருகிறது. ஏரி மூச்சு வாங்கும் காலம் அது.

நம் பெங்களூரில் அத்தகைய இலையுதிர் காலம் இல்லை. ஆனால் புரளல் உண்டு. சூடான நீருக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. 24 டிகிரி நீர் 25 டிகிரி ஆகும்போது ஏற்படும் எடை வேறுபாடு, 4 டிகிரி நீர் 5 டிகிரி ஆகும்போது ஏற்படுவதைப் போல் ஏறக்குறைய 30 மடங்கு. ஆகவே, காற்றடங்கிய ஒரு வெயில் நாளே நம் ஆழமற்ற ஏரிகளை அடுக்கடுக்காகப் பிரித்துவிடப் போதும். இரவின் குளிர்ச்சி அவற்றை மெல்லக் கலக்கும். கோடை இடிமழையும் காற்றுமோ ஒரே மூச்சில் கலக்கிவிடும்.

கலப்பது இயற்கை. ஆனால் கலக்கும்போது அடியிலிருந்து எழுவது எது? இங்கேதான் குற்றம் மழையிடமிருந்து மனிதனிடம் வருகிறது. நம் ஏரிகளின் அடியில் கிடப்பது பல்லாண்டுச் சாக்கடைச் சேறு. மழைநீர்க் கால்வாய் புதிய சாக்கடையையும் அடித்துக்கொண்டு வருகிறது. அழுகும் பொருள் பிராணவாயுவைத் தின்கிறது. பகலில் பிராணவாயு தரும் பச்சைப் பாசியும் இரவில் அதையே உட்கொள்கிறது. 30 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவே பிராணவாயு கரையும். அந்தச் சிறு முதலும் விடியுமுன் செலவாகிவிடுகிறது. கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாய் பிளந்து தவித்துச் சாகின்றன. காற்றையே நேரே சுவாசிக்கவல்ல விரால் மட்டும் தப்பிக்கிறது. குத்தகைக்கு மீன் வளர்த்தவரின் உழைப்பு ஒரே இரவில் மண்ணாகிறது.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நாடறியும். அந்த ஏரியின் அருகில்தான் 2009இல் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை நிற்கிறது. கடவுள் வாழ்த்தை அடுத்து மழையின் சிறப்பைப் பாடிய பெருமான் அவர். அவர் சிலைக்கு மாலை சூட்டிவிட்டு, அருகிலுள்ள நீரை மறந்துவிடுவது தமிழ்ப்பற்று ஆகுமா?

நீரூற்று எந்திரங்களை வைத்துக் காற்றூட்டினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அவை உதவும், ஐயமில்லை. ஆனால் மூச்சுத் திணறும் நோயாளிக்குப் பிராணவாயுக் குழாயை வைத்துவிட்டு, மறுபுறம் நஞ்சை ஊட்டிக்கொண்டே இருந்தால் அது வைத்தியமா? சாக்கடையைத் தடுப்பதும் சேற்றை அகற்றுவதுமே மருந்து. மற்றவை முதலுதவி.

ஸ்ரீராம்புரத்துத் தமிழருக்கு இது அயலார் கதை அன்று. தருமாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்கிறது. அண்மையிலுள்ள ஜக்கராயன கெரேயோ பெயரில் மட்டும் ஏரி. எஞ்சியிருப்பது மல்லேசுவரத்தை அடுத்த சாங்கி ஏரி, 1882இல் கட்டப்பட்டது. அதையேனும் நாம் கண்ணெனக் காக்க வேண்டாமா?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விலங்கியல், இரசாயன மாணவர் நால்வர் போதும். உரிய அனுமதி பெற்று, மார்ச் முதல் ஜூன் வரை வாரம் ஒருநாள் விடியற்காலையில் சாங்கி ஏரி நீரை எடுத்துச் சோதிக்கட்டும். விங்க்லர் முறையில் பிராணவாயுவை அளக்க நம் கல்லூரி ஆய்வுக்கூடமே போதும். வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் தெளிவின் அளவும் தெரியும். 1865இல் செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் காட்டிய வழி இது. ஒன்றை மறக்கலாகாது: நண்பகல் நீர் பொய் சொல்லும், பாசி அப்போது பிராணவாயுவை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும். விடியற்கால நீரே உண்மை பேசும். அந்தக் கணக்கைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, கரையில் உலாவுவோர் காண ஒட்டுவோம், மாநகராட்சிக்கும் அனுப்புவோம்.

மழை பெய்யட்டும், ஏரி புரளட்டும். புரளும்போது மேலே வருவது வளமா நஞ்சா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தாம்.