கரன்ட் போய் வந்ததும் ஆபீஸ் நெட்வொர்க் எழுந்திருக்குமா? ஐ.டி. டீமுக்கு ஒரு மணி நேரம் கொடுங்க!

‘நாளை தாம்பரத்தில் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை.’ இந்தச் செய்தியைப் பார்த்ததும் போனை சார்ஜ் போடுவோம், மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்புவோம். ஆனால், ஆபீஸ் ஐ.டி. டீமுக்கு வேறொரு கவலை. யூ.பி.எஸ். தீர்ந்துபோனால், மூணு வருஷமா ஆஃப் ஆகாத நெட்வொர்க் ஸ்விட்ச் மறுபடி ஆன் ஆகுமா?

நல்லா ஓடுறது ஏன் நிற்கணும்?

ஆபீஸில் இருக்கும் எல்லா கம்ப்யூட்டர்களையும் இணைக்கிற பெட்டிதான் இந்த ஸ்விட்ச். பெரிய ஸ்விட்ச்களில் தனித்தனி மாட்யூல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மெமரி சிப்கள் உண்டு.

2014-ல் சிஸ்கோ நிறுவனம் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னது. ஒரே சப்ளையர் 2005 முதல் 2010 வரை தயாரித்த சில மெமரி சிப்களில் கோளாறு இருக்கலாம். அவை உள்ள சாதனங்கள் ஓடும்வரை பிரச்னை தெரியாது. இரண்டு வருஷம் ஓடிய பிறகு ஆஃப் செய்து ஆன் செய்தால், சில எழாமலே போகலாம். பெரும்பாலான சாதனங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சிஸ்கோ சொன்னது. ஆனாலும், இதற்காக அது ஒதுக்கிய தொகை 65.5 கோடி டாலர்!

அதாவது, ‘மூணு வருஷமா நிக்காம ஓடுது’ என்பது ஆரோக்கியத்துக்கான சான்றிதழ் இல்லை. மூணு வருஷமா யாரும் செக் பண்ணலை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

எப்படி சோதிக்கிறாங்க?

ஐடியா சிம்பிள்தான். மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் 0101 என எழுதி, திரும்பப் படிக்கணும். அப்புறம் தலைகீழாக 1010 என எழுதிப் படிக்கணும். எழுதியது ஒன்று, வந்தது வேறு என்றால், அந்த இடம் பழுது.

சிக்கல் என்னன்னா, இந்தச் சோதனை மெமரியில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிடும். அதனால், டிராஃபிக் ஓடும்போது முழுசா செய்ய முடியாது. பல ஸ்விட்ச்களில் பூட் ஆகும்போது நடக்கும் சோதனையை முழுமையாகவோ, சுருக்கமாகவோ வைத்துக்கொள்ளலாம், தவிர்த்துவிடவும் முடியும். சீக்கிரம் ஆன் ஆகணும் என்று முழுமையான சோதனையைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

அது எவ்வளவு பெரிய தப்பு? கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரே வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி மாட்யூல்களில் பிழைகள் பதிவாகியிருந்தன. எப்போதோ தற்செயலாக வருவதைவிட, சிப்பிலேயே இருக்கும் நிரந்தரப் பழுதுதான் அதிகம் என்றது அந்த ஆய்வு. நிரந்தரப் பழுது என்றால், சோதித்தால் சிக்கும்!

என்ன செய்யலாம்?

‘ரீபூட் பண்ணி, அதுவே எழாம போயிட்டா?’ என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். ஆனால், அது ஞாயிறு ராத்திரி ஸ்பேர் மாட்யூல் கையில் இருக்கும்போது நடப்பது நல்லதா, திங்கள் மதியம் மின்தடை முடிந்து எல்லாரும் காத்திருக்கும்போது நடப்பது நல்லதா?

மின்தடை தேதி முன்கூட்டியே தெரியுது இல்லையா? அதற்கு முந்தைய விடுமுறை நாளிலேயே முழு மெமரி சோதனையோடு ரீபூட் செய்துவிடலாம். லாகில் ஒரு தடவை பாரிட்டி எரர் வந்தால் கவனிக்கலாம். அதே மாட்யூலில் திரும்பவும் வந்தால் மாற்றிவிடணும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் வாங்குறீங்களா? தயாரிப்பு வருஷத்தைப் பாருங்க, முழு சோதனையை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

இதற்குத் தேவை பெரிய பட்ஜெட் இல்லை, நிர்வாகத்தின் அனுமதிதான். சானடோரியம் மெப்ஸ் வளாகத்து கம்பெனியோ, தெருமுனை கிளினிக்கோ, நெட்வொர்க் நின்றால் முதலில் திட்டு வாங்குவது அந்த ஜூனியர் பையன்தான். ‘என்ன தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கேள்வி: சோதிச்சுப் பார்க்க அந்தத் தம்பி ஒரு மணி நேரம் கேட்டப்போ, நீங்க கொடுத்தீங்களா?