சுற்றறிக்கை யாருக்கு எழுதப்படுகிறது? – பொம்மசந்திராவின் உயர்நிலைப் பள்ளிகளை முன்வைத்து

உயர்நிலைப் பள்ளி பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கையைக் கல்வி ஆய்வாளர்கள் பொருட்படுத்துவதில்லை. பாடத்திட்டம், பயிற்றுமொழி, தேர்வு முறை, ஆசிரியர் பற்றாக்குறை ஆகியவை குறித்து ஆய்வேடுகள் குவிந்துள்ளன. பருவத் தேர்வு எந்நாளில் தொடங்குகிறது, பெற்றோர் கூட்டம் எத்தனை மணிக்கு, விளையாட்டு விழாவுக்கு எதைக் கொண்டுவர வேண்டும் என்று அறிவிக்கும் ஒற்றைத் தாளோ நம் பார்வையில் படுவதேயில்லை. ஆயினும் பெரும்பாலான பெற்றோர் பள்ளி வாயிலுக்குள் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் நுழைகிறார்கள். மற்ற நாள்களில் பள்ளி அவர்களிடம் பேசுவது அந்தத் தாளின் வழியாகவோ, இப்போது அதன் இடத்தைப் பிடித்துவிட்ட வாட்ஸ்அப் குழுவின் வழியாகவோதான். அது எந்த மொழியில், எந்த நேரத்தில், எதைச் சொல்கிறது என்பது ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பைக் கடப்பதையே பாதிக்கக்கூடியது என்பது என் வாதம்.

பெங்களூருவின் தென்கிழக்கு விளிம்பில், ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த தொழிற்பேட்டை நகரம் பொம்மசந்திரா. ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டி, மறுபக்கம் சந்தாபுரா. அதே சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் அத்திப்பள்ளி. அதைக் கடந்தால் தமிழ்நாடு. 2025 ஆகஸ்டு 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையிலிருந்து இவ்வூர்வரை திறக்கப்பட்டது. மெட்ரோ வருவதற்கு வெகுகாலம் முன்பே தொழிற்சாலைகள் இங்கு மக்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், ஆந்திர மாவட்டங்களிலிருந்து வந்த தெலுங்கர்கள், வட கர்நாடகத்திலிருந்து வந்த கன்னடர்கள், அண்மைக் காலத்தில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் என ஒரே தெருவில் நான்கைந்து மொழிகள் புழங்குகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் பாதிக்கும் குறைவு.

இத்தகைய ஊரில் அரசுப் பள்ளியின் அறிவிப்பு கன்னடத்திலும் தனியார் பள்ளியின் அறிவிப்பு ஆங்கிலத்திலும் வருவது இயல்பானதே. சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி சரளமாகக் கன்னடம் பேசுவார். சந்தையிலும் தொழிற்சாலையிலும் அவருக்கு அம்மொழி போதும். ஆனால் கன்னட எழுத்து அவருக்குத் தெரியாது. அலுவலகக் கன்னடத்தின் வடமொழிச் சொற்களும் விளங்குவதில்லை. தெலுங்கருக்கும் ஒடியருக்கும் நிலைமை இதுவே. ஆங்கிலவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் பலருக்கோ ஆங்கிலம் என்பது பிள்ளைக்காகக் கட்டணம் செலுத்தி வாங்கும் மொழியேயன்றித் தாம் படிக்கும் மொழியன்று. ஆக, பேச்சில் எட்டக்கூடிய பெற்றோரைப் பள்ளி எழுத்தால் எட்ட முயன்று தவறவிடுகிறது.

சட்டம் பெற்றோருக்கு வழங்கியிருக்கும் இடத்தோடு இதை ஒப்பிட வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களுள் பாதிப்பேர் பெண்கள். 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை அடுக்கும்போது, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பதையும் ஒரு கடமையாகக் குறிப்பிடுகிறது. எடுத்துரைத்தல் என்றால் விளங்கும்படி உரைத்தல்தானே. கர்நாடகம் இந்தச் சட்டத்துக்கும் முன்னோடி: 2001இலேயே அரசுப் பள்ளிகளில் எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழுக்களை அமைத்தது. குழுவில் பெற்றோருக்குப் பெரும்பான்மை இருக்கிறது. அக்குழு எப்போது கூடுகிறது, எதைப் பேசப்போகிறது என்னும் அறிவிப்பைப் படிக்க அவர்களால் இயலவில்லை. பெரும்பான்மை காகிதத்தில் நின்றுவிடுகிறது.

உயர்நிலைப் பள்ளியில் நிலைமை இன்னும் நுட்பமானது. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 6 முதல் 14 வயது வரைக்கும், அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கான மேலாண்மைக் குழுக்கள் 2009இல் தொடங்கிய தேசிய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் வழியாகவும், 2018இல் அதை உள்ளடக்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தின் வழியாகவும் வந்தவை. அவற்றுக்குத் திட்ட நெறிமுறை உண்டு. சட்ட உரிமையின் வலு இல்லை. மறுபுறம், 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதைக் கடந்தோர் ஆபத்தற்ற தொழில்களில் வேலை செய்வதைத் தடுக்கவில்லை. ஒரே வயதில் ஒரு சட்டம் பிடியை விடுகிறது. மற்றொரு சட்டம் கதவைத் திறக்கிறது. தொழிற்பேட்டைக்கு நடுவே வாழும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கதவு வெகு அருகில் இருக்கிறது. இடைநிற்றல் தொடக்க நிலையைவிட இடைநிலையில்தான் அதிகம் என்பதை நாட்டின் யூடைஸ் தரவுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2024இலும் 2025இலும் கர்நாடகத்தில் ஓராண்டில் மூன்று தேர்வுகள் நடத்தப்பட்டன. முதல் தேர்வில் தவறியவரால் இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுத முடிந்தது, ஆண்டு வீணாகவில்லை. நல்ல சீர்திருத்தம். 2025இல் முதல் தேர்வின் முடிவு மே 2 அன்று வெளிவந்தது. எழுதியவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தேறவில்லை. இரண்டாம் தேர்வு மே 26 அன்று தொடங்கியது. இடையில் 24 நாள்கள். விண்ணப்பிப்பது, தயாராவது எல்லாம் அந்த நாள்களுக்குள் நடந்தாக வேண்டும். அதுவோ கோடை விடுமுறை. வகுப்பு இல்லை, டைரி இல்லை, அறிவிப்புப் பலகையைப் பார்ப்பாரும் இல்லை. பல குடும்பங்கள் சொந்த ஊருக்குச் சென்றிருக்கும். ஓராண்டில் பெற்றோருக்குச் சேர வேண்டிய மிக முக்கியமான செய்தி, செய்தி சேர்வதற்கு மிகக் குறைந்த வாய்ப்புள்ள நாள்களில் வந்து விழுகிறது. தேறாத பிள்ளையே அச்செய்தியைப் பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டிய நிலையில், "இன்னொரு வாய்ப்பு இருக்கிறது" என்னும் வரி வீட்டில் எத்தனை உறுதியோடு ஒலிக்கும்? அந்த வரி சேராத வீட்டில், ஜூன் மாதம் பிள்ளை ஏதேனும் ஒரு பட்டறைக்குச் சென்றுகொண்டிருப்பான்.

பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பதைப் பற்றி அமெரிக்கப் புலம்பெயர் குடும்பங்களிடையே விரிவான ஆய்வுகள் நடந்துள்ளன. மார்ஜரி ஒரெயானா 2009இல் வெளியிட்ட நூல், இப்பிள்ளைகளின் மொழித்திறனையும் குடும்பத்துக்கு அவர்கள் ஆற்றும் உழைப்பையும் மதிப்போடு ஆவணப்படுத்துகிறது. பள்ளிச் சந்திப்புகள் குறித்து அவரும் இன்மாகுலாதா கார்சியா சாஞ்செஸும் கண்டது நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. பிள்ளைகள் தம்மைப் பற்றிய குறையை மறைப்பார்கள் என்றே நினைப்போம். அவர்களோ ஆசிரியரின் பாராட்டைக் குறைத்தும் குறையை விரித்தும் சொல்லும் போக்கைக் காட்டினர். பிள்ளையின் அடக்கம் பெற்றோருக்குச் சேரும் தகவலையே மாற்றிவிடுகிறது. அமெரிக்க நீதித்துறையும் கல்வித்துறையும் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெற்றோருக்கு விளங்கும் மொழியில் தகவல் தருவது பள்ளியின் பொறுப்பு என்றும் அதற்கு மாணவர்களை நம்பியிருக்கக் கூடாது என்றும் கூறியது. அங்குள்ள சட்டச் சூழல் வேறு. ஆனால் பொறுப்பு யாருடையது என்னும் தெளிவு நமக்கும் பயன்படும்.

மொழிக்கு அடுத்தது நேரம். இங்குள்ள பெற்றோரின் நாள் ஷிப்டுகளால் ஆனது. 2023இல் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரம்புக்குள், ஒரு நாளின் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்தது. இச்சூழலில் "சனிக்கிழமை காலை 10 மணி, பெற்றோர் கூட்டம், தவறாமல் வருக" என்று வியாழக்கிழமை மாலை வரும் அறிவிப்பு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்லும் அறிவிப்பாகும். வராத பெற்றோரைக் குறித்து ஆசிரியர் அறையில் "அக்கறை இல்லாதவர்கள்" என்னும் பேச்சு எழுகிறது. தொழிலாளர் குடும்பங்களையும் நடுத்தரக் குடும்பங்களையும் ஒப்பிட்டு அனெட் லாரோ 1989இல் எழுதிய நூல் இத்தீர்ப்பைத்தான் கேள்விக்குள்ளாக்கியது. இரு தரப்பினருக்கும் பிள்ளையின் படிப்பில் அக்கறை உண்டு. பள்ளி எதிர்பார்க்கும் விதத்தில் அதை வெளிப்படுத்தும் வசதி ஒரு தரப்பினருக்கே உண்டு. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கான பெற்றோர் கூட்டம் நடத்தப்பட்டபோது அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. நாளைத் தேர்ந்தெடுப்பதே யாரை அழைக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, உள்ளடக்கம். இப்பகுதியில் நான் பார்த்த சுற்றறிக்கைகளில் கட்டணத்தின் கடைசி நாள் தடித்த எழுத்தில் முதலில் நிற்கிறது. ராஜ்யோத்சவம், குழந்தைகள் தினம், பிரதிபா காரஞ்சிப் போட்டிகள், ஆண்டு விழா ஆகியவை அடுத்து வருகின்றன. கூட்டம் பற்றிய வரி கடைசியில். அந்தக் கூட்டத்தில் எதை முடிவுசெய்யப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் இல்லை. சுற்றுலா எங்கே, சீருடை மாறுகிறதா, பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு காலையிலா மாலையிலா ஆகியவை முடிவான பிறகே அறிவிக்கப்படுகின்றன. முடிவுக்குப் பின் வருவது தகவல். முடிவுக்கு முன் வந்தால்தான் அது அழைப்பு.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் நியாயமானவை. முதலாவது, ஆசிரியர்களின் சுமை. மதிய உணவுக் கணக்கும் தேர்தல் பணியும் தரவு உள்ளீடும் சுமக்கும் ஆசிரியரிடம் ஐந்து மொழிகளில் எழுதச் சொல்வது கொடுமை. நான் கேட்பது அதுவன்று. ஆண்டுக்கு நான்கே அறிவிப்புகள் போதும்: கல்வியாண்டின் நாள்காட்டி, மேலாண்மைக் குழுக் கூட்டம், எஸ்.எஸ்.எல்.சி. விண்ணப்பம், தேர்வு முடிவுக்குப் பிந்தைய வாய்ப்புகள். இவற்றை எளிய கன்னடத்தில் எழுதி, ஒவ்வொரு மொழி பேசும் பெற்றோருள் ஒருவர் ஒரு நிமிடக் குரல்பதிவாகக் குழுவில் இட்டால் எழுத்தறியாதோரையும் அது எட்டும். இயந்திர மொழிபெயர்ப்பு உதவலாம். ஆனால் நாளும் தொகையும் சரியா என்று அம்மொழி அறிந்த ஒரு பெற்றோர் பார்த்த பின்னரே அது வெளியே செல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு மொழியரசியல் சார்ந்தது: கன்னட நாட்டில் வாழ்வோர் கன்னடம் கற்கட்டும். கற்கத்தான் வேண்டும். பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்கிய 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளை கன்னடம் எழுதப் படிக்கக் கற்கிறது. அது அதன் நலனுக்கே. பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. நாற்பது வயதுத் தாய்க்கு அடுத்த வாரத் தேர்வுச் செய்தி எப்படிச் சேர வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முன்னதன் விடையைப் பின்னதற்குத் தண்டனையாக்கக் கூடாது. இதைத் தமிழர்களாகிய நாம் பெங்களூருவுக்கு மட்டும் சொன்னால் அது நேர்மையாகாது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தைக் கொண்ட நாம், திருப்பூரிலும் ஓசூரிலும் திருப்பெரும்புதூரிலும் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் ஒடிய, பீகாரி, வங்காளிப் பெற்றோருக்குத் தமிழில் மட்டுமே சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்றால், பொம்மசந்திராவில் கேட்பதை அங்கே கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

கல்வியியல், சமூகவியல், மொழியியல் பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதேனும் ஒரு தொழிற்பேட்டைப் பள்ளியின் ஓராண்டுச் சுற்றறிக்கைகளைப் பள்ளியின் ஒப்புதலோடு திரட்டுங்கள். ஒவ்வொன்றும் எந்த மொழியில் உள்ளது, நிகழ்வுக்கு எத்தனை நாள் முன்னால் வந்தது, பணம் கேட்கிறதா கருத்துக் கேட்கிறதா என்று குறியுங்கள். பிறகு பெற்றோரிடம் சென்று எது வந்து சேர்ந்தது, யார் படித்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு இது போதுமான களம்; பெருநிதி எதுவும் தேவையில்லை. அடுத்த மே மாதத்தில் தேர்வு முடிவு வெளிவரும்போது, அந்த ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கம் தலைமையாசிரியரின் மேசையில் இருந்தால், இரண்டாம் தேர்வைப் பற்றிய செய்தி சில வீடுகளையாவது உரிய காலத்தில் சென்றடையும்.