முதலாளி காருக்குக் கழிவு உண்டு, தொழிலாளி பைக்குக்கு?

காலையில் வ.உ.சி. துறைமுகம், மதியம் மதுரை பைபாஸ் கன்டெய்னர் யார்டு, சாயங்காலம் மறுபடியும் கஸ்டம்ஸ் ஆபீஸ். தூத்துக்குடியில் கிளியரிங் வேலை பார்க்கிற நம்ம தம்பிகளுக்கு இதுதான் பொழப்பு. ஓடுறது சொந்த பைக். பலருக்குப் பெட்ரோலும் கைக்காசுதான்.

தொழில் நடத்துகிறவர் தொழிலுக்கு ஓட்டும் காரின் பெட்ரோல், ரிப்பேர், தேய்மானம் எல்லாவற்றையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரருக்கு அந்த உரிமை இல்லை. வேலைப் பயணத்துக்குக் கம்பெனி படி கொடுத்தால், செலவான தொகைக்கு வரி கிடையாது. கொடுக்கலைன்னா? போட்ட காசு போனதுதான்!

"ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 இருக்கே" என்பார்கள். மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு இருந்த சலுகையைப் பிடுங்கிக்கொண்டுதான் 2018-ல் அதைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும், நாலு இடம் அலைபவருக்கும் ஒரே தொகை. இது என்ன நியாயம்?

"12 லட்சம் வரை வருமான வரியே இல்லையே" என்றும் சொல்வார்கள். பெட்ரோல் பங்கில் சம்பளம் கேட்டா வரி போடுறாங்க?

ஜெர்மனியில் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் தூரத்துக்கே கிலோமீட்டர் கணக்கில் கழிவு தருகிறார்கள். நாம் கேட்பது இரண்டுதான்:

✊ வேலையிடம் விட்டு வேலையிடம் போகும் செலவை நிர்வாகமே கொடுக்கணும், சம்பள ரசீதில் காட்டணும்.
✊ கொடுக்காத இடத்தில், கிலோமீட்டர் கணக்கில் வரிக்கழிவு வேணும்.

1908-ல் கோரல் மில் தொழிலாளர்களுக்காக வ.உ.சி. நின்ற ஊர் இது. அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில் உழைப்பவன் கைக்காசு போட்டு உழைக்கணுமா?

பகிருங்கள் தோழர்களே!