வலியைப் பொறுத்துக்கச் சொல்வது வைத்தியமா?

"இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." புற்றுநோய் முற்றியவரின் குடும்பம் கேட்கிற பேச்சு இது. செய்ய நிறைய இருக்கு என்று 1993-லேயே கோழிக்கோட்டில் காட்டினார்கள்.

மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார், கூட நின்ற நண்பர்கள் சேர்ந்து அங்கே வலி நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். மருந்தையும் அளவையும் மருத்துவர் முடிவு செய்வார். புண்ணைக் கழுவிக் கட்டுவது செவிலியர். வீட்டுக்கு அரிசி, பிள்ளைகள் படிப்பு, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது... அதெல்லாம் ஊர்க்காரர்கள். வலி உடம்பில் மட்டுமா இருக்கு? கடனும் பயமும் சேர்ந்துதானே ராத்திரி தூங்க விடமாட்டேங்குது!

2008-ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது. வீட்டுப் பராமரிப்பில் உள்ளாட்சிகளும் இறங்கின.

மார்ஃபின் மாத்திரை விலை அதிகமில்லை. 1985 போதைப்பொருள் சட்டம்தான் குறுக்கே நின்றது. ஏகப்பட்ட உரிமம், தவறினால் சிறை. வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் தயங்கின. 2014 திருத்தம் அந்தச் சிக்கலைக் குறைத்தது. ஆனால் எழுதிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டுமே?

தமிழ்நாட்டிலும் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் சேவை இருக்கு. உங்க ஊரில் அது யார் வீட்டுக்கு வருது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது? மாவட்ட அரசு மருத்துவமனையில் மார்ஃபின் இருப்பு இருக்கா? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்க. கேட்டதையும் கிடைத்த பதிலையும் கீழே பதிவிடுங்க.