கேள்வியும் பதிலும்: முதலிடம் யாருக்கு?

பண்ருட்டிச் சகோதரி ஒருவர் ஸலாமுடன் எழுதியுள்ளார்: விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் குஸ்தி வீரர்களின் படச்சீட்டுகளை அடுக்கி, எடையைக் கொண்டு முதலிடம் வழங்குகின்றனராம், அதன் பொருட்டு வீட்டில் அடிதடியாம்!

எம்மைக் கேட்டால், அம்ரித்சர் பகுதியில் பிறந்த காமா பயில்வானுக்கே முதலிடம். உயரம் ஆறடிகூட இல்லை. 1910இல் லண்டனில் போலந்து வீரர் ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகப் பெரும்பாலும் தரையில் கவிழ்ந்து கிடந்தே தோல்வியைத் தவிர்த்தார். மறுபோட்டிக்கு அவர் வரவேயில்லை. 1928இல் பாட்டியாலாவில் அவரை வீழ்த்தக் காமாவுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை.

1947 கலவரத்தின்போது லாகூரில் தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களுக்கு அவர் காவலாய் நின்றார் என்பர். சகோதரி, சீட்டுகளைப் பறிக்க வேண்டாம். இன்றிரவே பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள்.